கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு வீடு

1

போன கிழமை ஊரிலிருந்து என் மச்சாள் போன் எடுத்தாள். அவளுடைய மகன் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நாங்கள் முன்பு அனுப்பிய படங்கள் எல்லாம் அதில் ஒன்றாக வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பதறிப்போய் எடுத்திருக்கிறாள். போன வருடம் இதே மாதம் எடுத்த படம் அது. என் கணவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் கூரையில்லாத பெரிய கல்சுவர், அதில் வெறும் ஓட்டைகளாக ஜன்னல்கள், ஒரு பக்கம் பாதி சரிந்த கோபுரம்.

“உங்கையும் ஷெல் அடிச்சவங்களே?” என்று கேட்டாள்.

“இல்லையடி. அது எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தின கோட்டை. மலை உச்சியிலை கிடக்கு.”

“அப்ப ஏன் இன்னும் திருத்தேல்லை?”

“திருத்தினா ஒருத்தரும் பாக்க வராயினம்.”

 “எங்கடை பழைய வீடும் உப்பிடித்தான் கிடக்குது. ஒரு குருவியும் வந்து பாக்கேல்லை” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால், தேர்முட்டிப் படியில் ஏறவே மூச்சு வாங்குகிற அண்ணை எப்படி மலை ஏறினார் என்று அவள் கேட்டபோது போனில் சொல்லி முடிக்க ஏலாமல் போய்விட்டது. படம் எடுத்தது நாங்கள் மலையில் நடந்த இரண்டாம் நாள். முதலாம் நாள் நடந்ததை அவளுக்காகவும், யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்தில் இருந்துகொண்டு மலையைப் படத்தில் மட்டும் பார்க்கிற மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது பாரிஸுக்கு வெளியே, கூசேன்வில்லில். என் கணவருக்கு விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை. நான் காலையில் ரயிலேறி, பாரிஸில் தமிழ்க்கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு வந்து, ரூ காய் என்ற தெருவில் ஒரு சாறிக்கடையின் பின்னறையில் இருந்து சாறிச் சட்டை தைக்கிறேன். பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் எந்தத் தமிழ்க் கலியாணம் நிச்சயமானது, எது குழம்பியது என்பது ஐயருக்கு முன்னம் எனக்குத் தெரியும். குழம்பிய கலியாணத்தின் சட்டையை எடுக்க ஒருவரும் வருவதில்லை. என் அலுமாரியில் அப்படிப்பட்ட சட்டைகள் இன்னும் சில தொங்குகின்றன.

ஊராரின் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு, என் சொந்த மகளுக்கு அளவெடுக்க முடியாமல் இருந்தது. அதற்குக் காரணம் இவர்தான்.

மகள் அபிராமி எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள். ஒரு நகரசபையில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் விளங்கும். சண்டை வந்தால் மட்டும் விளங்காத மாதிரி இரண்டு பேரும் நடிப்போம். சனிக்கிழமை என்றால் மற்றப் பிள்ளைகள் நித்திரை கொள்வார்கள், இவள் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மலைப்பாதை நடக்கப் போய்விடுவாள். பத்து வருடமாக இதுதான். ரயிலில் மூன்று மணி நேரம் போய், ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, அடுத்த பள்ளத்தாக்கில் ஏறி, ஞாயிறு இரவு கால் கொப்புளத்தோடு சந்தோஷமாக வருவாள்.

“பஸ் ஓடுற நாட்டிலை இவள் ஏன் நடக்கிறாள்?” என்று இவர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. முதுகில் பையும் நீண்ட நடையும் சேர்ந்தால் எங்கள் தலைமுறைக்கு அது உல்லாசம் இல்லை. நாங்கள் ஊரை விட்டு வந்தபோது ஒருமுறை அப்படி நடந்தவர்கள். அன்றைக்கு எங்களுக்கு வழி காட்ட ஒரு அடையாளமும் இருக்கவில்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்தோம்.

அந்த மலைப்பாதைகளில்தான் அபிராமி எத்தியேனைக் கண்டிருக்கிறாள். புதுச்சேரிக் கிறிஸ்தவப் பையன், எங்கள் பேச்சில் வேதக்காரன், பொறுமைசாலி. தகப்பன் இல்லை. தாய் மதாம் பிலோமின் பாரிஸில் ஸ்டாலின்கிராட் என்ற பகுதியில் இருக்கிறார், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அந்தப் பையனைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். முப்பது வருடத்தில் என் வீட்டில் ஓர் ஆண் செய்யாத வேலை அது.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டால் எழும்பிப் போய்ச் செய்தி பார்ப்பார். சமயம்தான் காரணமாக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார்.

“அவை பரம்பரையாப் பிரெஞ்சுக்காரர். வந்து இறங்கேக்கையே பாஸ்போட்டோட இறங்கினவை. நாங்கள் எப்பிடி வந்தனாங்கள் எண்டு உமக்குத் தெரியும். நாளைக்கு ஒரு கதை பேச்சு வரேக்கை, ‘அகதியின்ரை பிள்ளைதானே’ எண்டு ஒரு சொல்லு விழுந்தா அவள் எங்கை போறது? அந்தச் சொல்லு என்னோடை முடியோணும்.”

இதை அவர் மகளிடம் சொல்ல மாட்டார். என்னையும் சொல்லக் கூடாது என்றார். நகரசபையில் பதிவுக்குக் கொடுக்க வேண்டிய பத்திரம் எல்லாவற்றையும் அபிராமி எப்போதோ சேர்த்து முடித்துவிட்டாள், திகதி எடுப்பதுதான் பாக்கி. பிரெஞ்சுச் சட்டத்துக்கு அப்பாவின் சம்மதம் தேவையில்லை. அபிராமிக்குத் தேவைப்பட்டது. “அப்பா வாயாலை ஓம் எண்டு சொல்லாமல் நான் திகதி எடுக்க மாட்டன்” என்று என்னிடம் சொன்னாள். தமிழிலேயே சொன்னாள். அதனால் எனக்குப் பயம் வந்தது.

3

எல்லாரும் சேர்ந்து நடக்கப் போகலாம் என்ற யோசனை பிள்ளைகளுடையது. நாலு சுவருக்குள் நாற்காலியில் எதிரும் புதிருமாக இருந்தால் பெரியவர்கள் கதைக்க மாட்டார்கள், பக்கத்துப் பக்கத்தில் நடந்தால் கதை தானாக வரும் என்பது அவர்களுடைய கணக்கு. வசந்தத்தில் ஒரு நீண்ட லீவு வந்தது. தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, கொர்பியேர் மலைப்பக்கம் போவதாக முடிவானது. இவர் மறுக்கவில்லை. மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள், எடுத்த டிக்கெட்டை வீணாக்குகிற ஆள் அவர் இல்லை.

நடைக்குரிய சப்பாத்து வாங்கித் தருகிறேன் என்று அபிராமி சொன்னாள். இவர் வேலைத்தலத்தில் போடுகிற, முன்னுக்கு இரும்பு வைத்த சப்பாத்தை எடுத்துக் காட்டினார். “இதிலை பெட்டி விழுந்தாலே கால் தப்பும், கல்லு எம்மாத்திரம்.” பைக்குள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். அவர் தன் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் வதிவிட அட்டை, மருத்துவ அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, வீட்டு மின்சார பில் எல்லாவற்றையும் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“மலையிலை ஆர் உங்களை மின்சார பில் கேக்கப் போறாங்கள்?” என்றேன்.

“கேக்கிறவன் சொல்லிப்போட்டே வாறவன்?”

ரயிலில் மதாம் பிலோமின் எங்களுக்கு எதிரே இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கட்டை மயிர், நல்ல சிரிப்பு, கையில் மாங்காய் ஊறுகாய்ப் போத்தல். நாங்கள் இருவரும் கதைப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ரெண்டு பேரும் வேகமா பேசினா எனக்கு மலையாளம் மாதிரியே இருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு. இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த மனிசி நக்கல் அடிக்குது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஊறுகாயை மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

4

மறுநாள் காலையில் நடக்கத் தொடங்கினோம். நான் அதுவரை மலை என்றால் பச்சையாகவும் குளிராகவும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது எலும்பு தெரிகிற மலை. வெள்ளைக் கல், முள்ளுப் பற்றை, இடையிடையே வாசனைப் பூண்டுகள். மிதித்தால் கறிச்சட்டி திறந்த மாதிரி மணம் எழும்பியது. பாதை ஒரு பாறைச் சுவரின் இடுப்பை வெட்டிப் போனது. ஒரு பக்கம் கையால் தொடக்கூடிய கல், மறுபக்கம் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் ஆழத்தில் ஆறு பச்சையாக நெளிந்தது. நான் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மதாம் பிலோமினின் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எதிரே வந்தவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். லா சப்பல் ரயிலில் பத்து வருடம் ஒரே பெட்டியில் வருகிறவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் நின்று சிரித்து, பாதை எப்படி, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்துப் பதில் வணக்கம் சொன்னார். கை போன இடம் பத்திர உறை இருந்த இடம் என்பது எனக்குத்தான் தெரியும்.

பள்ளத்தாக்கிலிருந்து ஏறி ஒரு பெரிய கல்வெளிக்கு வந்தோம். மரமில்லை, வழி காட்டுகிற மஞ்சள் பூச்சு அடிக்க இடமில்லை. அங்கங்கே முழங்கால் உயரத்துக்கு யாரோ கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அபிராமி இவரை நிற்பாட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, தமிழிலேயே சொன்னாள்.

“அப்பா, வடிவா கேளுங்கோ. இப்பிடிக் கல்லு அடுக்கியிருந்தா அதுதான் வழி. முன்னம் போன ஆக்கள் பின்னாலை வாறவைக்கு வைச்சது. ஒண்டிலை நிண்டு மற்றதைத் தேடுங்கோ. கண்டாப் பிறகு நடவுங்கோ.”

“ஓம், ஓம்” என்றார். அவருக்கு அந்த முறை பிடித்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

பிள்ளைகள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நானும் மதாம் பிலோமினும் நடுவில். இவர் வேண்டுமென்றே பின்னால் வந்தார். இரும்புச் சப்பாத்து பாரம் என்று சொன்னார், உண்மையில் அந்த மனிசியோடு கதைக்காமல் தப்புவதற்குத்தான். நாங்கள் நின்றால் அவரும் தூரத்தில் நிற்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு திருப்பத்தில் அவர் கண்ணிலிருந்து மறைந்தார். எங்கே போய்விடப் போகிறார் என்று நாங்கள் பாட்டுக்கு நடந்தோம்.

கல்வெளியின் முடிவில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் மேலே ஏறியது. உச்சியில் கோட்டை தெரிந்தது. மலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “எங்க செஞ்சிக் கோட்டை மாதிரியே இருக்கு” என்று மதாம் பிலோமின் சொல்லி, நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இடது பக்கம் ஒரு சின்னத் தடம் மரங்களுக்குள் கீழே இறங்கியது. அந்தப் பக்கம்தான் நிழல் இருந்தது. அங்கே போய் இருந்து தண்ணீர் குடித்தோம்.

நான் ஒதுங்கப் பற்றைப் பக்கம் போய்விட்டு வந்தபோது, மதாம் பிலோமின் குந்தியிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தட்டையான கற்களாகத் தேடி, கீழே நாலு வைத்து, அதன்மேல் இரண்டு வைத்து, மேலே பலகை மாதிரி ஒன்றை மூடினார்.

“என்ன செய்யிறியள்?”

“வீடு கட்டுறேன். எங்க பக்கம் மலைக்கோயிலுக்குப் போற வழியில எல்லாரும் இப்படி அடுக்குவாங்க. வீடு வேணும்னு நேந்துக்கிறது. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப எதிர் வீட்டுக்காரங்களோட போய் அடுக்கியிருக்கேன். வேதக்காரி வச்சான்னு கல்லுக்குத் தெரியவா போவுது.”

“ஆருக்கு வீடு?”

“ரெண்டு பேருக்கும்தான்” என்று கோட்டைப் பக்கம் தாடையால் காட்டினார். அங்கே பிள்ளைகள் இரண்டு புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மலையில்லாத ஊரில் பிறந்த எனக்கு இந்த நேர்த்தி தெரியாது. ஆனால் என் மகளுக்காக ஒருவர் நேர்த்தி வைக்கும்போது சும்மா நிற்க மனம் வரவில்லை. ஆடுகிற மூலைக்கு முட்டுக் கொடுக்க நானும் சின்னக் கல் ஒன்று தேடிக் கொடுத்தேன். பிறகு இரண்டு பேருமாக எழும்பி, வலது பக்கப் பாதையில் ஏறிப் போனோம்.

5

கோட்டைக்குள் போய் இருந்து, புட்டை அவிழ்த்து, காத்திருந்தோம். இவர் வரவில்லை. இரும்புச் சப்பாத்து, மெல்ல வருவார் என்றேன். புட்டு காய்ந்து போனது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கிழவனும் கிழவியும் மேலே வந்து சேர்ந்தார்கள். பாதையில் ஒருவரையும் காணவில்லை என்றார்கள். போனில் இணைப்பு இல்லை. அபிராமியின் முகம் மாறியது.

எங்கள் ஆட்களில் என் வயதுப் பெண்களுக்கு, வர வேண்டிய ஆண் வராமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை. அந்த இருத்தல் எனக்குத் தெரியும். பாரிஸில் முப்பது வருடம் நான் அதை மறந்து வாழ்ந்தேன். அந்த இடிந்த சுவரில் இருந்தபோது அது அப்படியே திரும்பி வந்தது.  பள்ளத்தாக்கின் ஆழம் கண்ணுக்குள் நின்றது. மதாம் பிலோமின் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

எத்தியேன் பையை எறிந்துவிட்டுக் கீழே ஓடினான். அபிராமி பின்னால் ஓடினாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாதை பிரியும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது அபிராமி அங்கே தனியாக நின்றாள். “எத்தியேன் இதாலை இறங்கிப் போறான். கீழை ஆத்தங்கரை. செங்குத்து” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். இடது பக்கத் தடத்தின் வாயில், நிழலில், நாங்கள் கட்டிய வீடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். மதாம் பிலோமினும் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில்தான் விளங்கியது. அவர் அப்படியே கல்லில் இருந்துவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு கீழே மரங்களுக்குள் இரும்புச் சத்தம் கேட்டது. சப்பாத்து கல்லில் படுகிற சத்தம். முன்னால் எத்தியேன் இவருடைய பையைச் சுமந்துகொண்டு வந்தான். பின்னால் இவர். முழங்காலில் காற்சட்டை கிழிந்திருந்தது, உள்ளங்கையில் சிராய்ப்பு, மற்றபடி ஆள் முழுசாக இருந்தார். என்னிடம் வந்து, “ஏன் அழுகிறீர்? கீழை நல்ல ஆறு ஒண்டு ஓடுது” என்றார்.

அபிராமி கோபத்தில் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீர்தானே பிள்ளை சொன்னீர். கல்லு அடுக்கியிருந்தா அதுதான் வழி எண்டு. நான் ஒண்டிலை நிண்டு மற்றதைத் தேடினன். இது தெரிஞ்சுது. இதாலை இறங்கினன். பிறகு கல்லு ஒண்டையும் காணேல்லை. தவண்டு தவண்டு இறங்கி ஆத்துக்கை வந்திட்டன். திரும்பி ஏறப் பயமாக் கிடந்துது. ஆரும் வருவினம் எண்டு காலை நனைச்சுக்கொண்டு இருந்தன். இவன் வந்தான்.”

எத்தியேன் தன் தாயின் தமிழில் என் மகளின் சொல்லைப் போட்டு, “ஓம், அங்கிள் நல்லா இருந்தார்” என்றான்.

அபிராமி அந்த அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். இதை இங்கே வைத்த மடையன் யார், ஒரு ஆள் செத்திருந்தால் என்ன செய்வது, இப்படி விளையாட்டுக்கு வைக்கிறவர்களால்தான் மலையில் ஆட்கள் விழுகிறார்கள் என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு, அதை உதைக்கக் காலைத் தூக்கினாள்.

“நான்தாம்மா வச்சேன்” என்றார் மதாம் பிலோமின்.

அபிராமியின் கால் கீழே வந்தது.

6

 மதாம் பிலோமின் எல்லாவற்றையும் சொன்னார். மலைக்கோயில் வழி, எதிர் வீட்டுக்காரர்கள், நேர்த்தி, எல்லாம். இவரைப் பார்த்துத்தான் சொன்னார். “உங்கள அனுப்பிவிட்டது நான்தான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”  நானும் கல் எடுத்துக் கொடுத்தேன் என்று இடையில் சொன்னேன். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இவருக்குக் காரணம் வேண்டியிருந்தது, இப்போது பெரிய காரணமே கிடைத்துவிட்டது. அவர் மெல்ல நடந்து போய் அந்த அடுக்குக்கு முன்னால் குந்தினார். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

“கீழை ஏன் நாலு?” என்று கேட்டார். ரயிலில் ஏறியதிலிருந்து அவர் அந்த மனிசியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“வீடுன்னா நாலு மூலை வேணுமில்ல. இது உங்க வீட்டுக்காரம்மா. இது நான். இது எங்க வீட்டுக்காரர், அவர் இல்ல, ஆனா அவருக்கும் ஒண்ணு வச்சேன். மேல ரெண்டும் பசங்க.”

“அப்ப இது நானோ?”

“ஆமா.”

அவர் விரலால் அதைத் தொட்டார். “இது ஆடுது.”

“முன்ன இதவிட ஆடுச்சு. அதான் கீழ சின்னக் கல்லு ஒண்ணு வச்சு முட்டுக் குடுத்தேன். உங்க கல்லு இல்லன்னா மேல ரெண்டு நிக்காது.”

இவர் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் என்ன தேடினார் என்று எனக்குத் தெரியும். அவர் பயந்துகொண்டிருந்த அந்தச் சொல் அங்கே இருக்கிறதா என்று தேடினார்.

அபிராமி தாழ்ந்த குரலில், இதை இந்த இடத்தில் விட முடியாது, பின்னால் வருகிறவர்கள் தவறிப் போவார்கள், இடிக்கத்தான் வேண்டும் என்றாள். மதாம் பிலோமின் கண்ணை மூடிக்கொண்டார். நேர்ந்து கட்டிய வீட்டை இடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் விளங்கியது. 

“இடிக்கிறேல்லை” என்றார் இவர். “வீடு மாறுவம். அதிலை எங்களுக்கு நல்ல பழக்கம்.”

அவர் மேல் கல்லை எடுத்து எத்தியேனின் கையில் கொடுத்தார். அடுத்த இரண்டையும் அபிராமியிடம். கீழ்க் கற்களைத் தானே சுமந்துகொண்டு, தடத்தை விட்டு விலகி, மரங்களுக்குப் பின்னால், வழிப்போக்கர் கண்ணில் படாத ஒரு பாறைக்குக் கீழே போய்க் குந்தினார். கையால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தார். நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார். தன்னுடைய கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற பக்கம் கிடைத்ததும் இறுக்கி வைத்து, கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த கற்களை அதன்மேல் வைத்துவிட்டு, குந்தியபடியே கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை என்று நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது.

“என்னப்பா?” என்று அபிராமி கேட்டாள்.

“மதாம் கட்டினது வடிவுதான். ஆனா இது காணாது” என்றார். “இந்தப் பக்கம் இன்னொரு அறை இறக்கோணும். பேரப்பிள்ளையள் வந்து நிண்டா எங்கை படுக்கிறது?”

அபிராமி அந்த மண்ணிலேயே அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எத்தியேனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய்க் கல் பொறுக்கத் தொடங்கினான். நான் வாய்விட்டு அழுதேன். மதாம் பிலோமினும் அழுதார். இவர் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அழுதுகொண்டு நிக்காமல் தட்டைக் கல்லாப் பாத்து எடுத்துத் தாருங்கோ, பொழுது படப்போகுது” என்றார்.